கற்பூரம் பிரட்டிய திரி

ஞாயிற்றுக்கிழமையானால் ஒஸ்லோக் கடைக்காரர்கள் எல்லாரும் எங்கேதான் தொலைந்து போவார்களோ. ஒரு துண்டுப் பஞ்சு வாங்க வழியில்லை. எங்கள் பகுதியான ரொம்சோஸில் மூன்று கடைக்கு நடந்தேன், மூன்றும் பூட்டு.

என் வேப்புக்கு, அதுதான் மின்சிகரெட்டுக்கு, கம்பிச் சுருளை நானே சுற்றுகிறவன். ஸ்குறூட்றைவரில் ஆறு சுற்று, நடுவே பஞ்சுத் திரி. திரி இறுகினால் திரவம் ஏறாது, தளர்ந்தால் ஒழுகும். காலையில் பதற்றத்தில் இறுக்கிவிட்டேன். இருந்த கடைசிப் பஞ்சும் கருகிப் போயிற்று.

பதற்றத்துக்குக் காரணம் என் மனைவி புஷ்பமலர். நான் ஒளித்துச் சிகரெட் பிடித்ததைக் கண்டு, ஐந்து வாரத்துக்கு முன் லில்லெஸ்ட்ரோமில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போனவள், இன்று நாலு மணிக்கு வருகிறாள். "ஒரு சிகரெட் பத்தியிருந்தாலும் அடுத்த ரயிலிலை திரும்பிடுவன்" என்றிருக்கிறாள். செய்வாள், பிடிவாதக்காரி. நான் ஒரு சிகரெட்டும் பற்றவில்லை, வேப்போடுதான் சமாளித்தேன். ஆனால் கதவடியில் தொங்கும் ஜாக்கெட் பொக்கெற்றில் ஒரே ஒரு சிகரெட் கிடக்கிறது. இருப்புக் கொள்ளவில்லை. மூன்று தரம் அதைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தேன்.

கடைசியில் அவளுக்கே போன் எடுத்தேன்.

"புஷ்பம், வீட்டிலை திரி எங்கை?"

"சாமி அறை லாச்சியிலை. இஞ்சேருங்கோ, அதிலை..." குரல் தழுதழுத்தது. மிச்சத்தைக் கேட்க எனக்கு எங்கே பொறுமை? வைத்துவிட்டேன்.

இழுப்பறையைத் திறந்தால் வெள்ளை வெளேரென்ற விளக்குத் திரி. சுருளுக்குள் நுழைத்து, திரவம் விட்டு, ஓர் இழுப்பு. ஐயோ, தொண்டை எரிந்து கண்ணாலும் மூக்காலும் தண்ணீர். வீடு முழுக்கக் கோயில் மணம். விளக்குக் கெதியாகப் பற்றட்டும் என்று திரியில் கற்பூரத்தூள் பிரட்டி வைப்பது அவள் வழக்கம். முப்பது வருடம் சிகரெட் குடித்த என் மூக்குக்குத் திரியை எடுக்கும்போது அது பிடிபடவில்லை.

நான் இருமிக்கொண்டிருக்க, கதவு திறந்தது. புஷ்பம் பயணப் பையோடு நின்று மூச்சை இழுத்தாள். முகம் மலர்ந்தது.

"விளக்கேத்தினியளோ? இவ்வளவு வருசத்திலை ஒருநாளும்..."

ஓம், ஏற்றினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். வெட்கமாக இருந்தது.

"இல்லையப்பா, இதுக்குத்தான்" என்று மேசையில் கிடந்த வேப்பைக் காட்டினேன்.

அவள் முகம் செத்துவிட்டது. பயணப் பையைக் கீழே வைக்காமலே ஜாக்கெட் பொக்கெற்றுக்குள் கைவிட்டாள். சிகரெட் முழுசாக வெளியே வந்தது. அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போகேக்கையே கண்டனான்" என்றாள். "வேணுமெண்டுதான் விட்டிட்டுப் போனனான்."

பிறகுதான் பையை வைத்தாள். சாமி அறையிலிருந்து வெறும் பஞ்சு எடுத்துவந்து என் எதிரே அமர்ந்து, உள்ளங்கையில் உருட்டத் தொடங்கினாள்.

"திரி எவ்வளவு தடிப்பா வேணும், உங்கடை சனியனுக்கு?"