மூன்றாம் மூலை

சனிக்கிழமை காலை, குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டதும் நான் உப்புத்தாளை எடுத்தேன். என் கணவர் குளிக்க இருபது நிமிடம் எடுத்துக்கொள்வார். பத்தொன்பதும் இல்லை, இருபத்தொன்றும் இல்லை. சாப்பாட்டு மேசையின் மேல் அவர் செய்த மரப்பெட்டி, தச்சு வகுப்பு டெஸ்ட்டுக்குப் போகத் தயாராக, துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்தது. துண்டை விலக்கினேன். மூன்று என்று பென்சிலால் எழுதியிருந்த மூலையை மட்டும் நெகிழ்த்தி, நடுப்பல்லின் பக்கவாட்டில் எட்டு முறை தேய்த்தேன். தூளை ஊதிவிட்டு, பழையபடி அழுத்திப் பொருத்தி, துண்டைப் போர்த்தினேன். கட்டிய புருஷன் மாதக்கணக்கில் பாடுபட்டுச் செய்ததைக் கெடுக்கிறோமே என்று மனம் கூசியிருக்க வேண்டும். கூசவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் முப்பத்தைந்து வருடம் ஒரு பேரிங் தொழிற்சாலையில் செக்கராக இருந்தவர். அடுத்தவர்கள் செய்ததை அளந்து பார்ப்பது, தேறாததன் மேல் சிவப்பு சாக்பீஸால் பெருக்கல் குறி போடுவது, இதுதான் வேலை. தொழிற்சாலையில் அவருக்குப் பெயரே ‘செவப்பு சாக்பீஸ்’தான். ஓய்வு பெற்ற மறுநாள் காலை, முடியின் பருமனைக்கூட அளந்துவிடும் வெர்னியரைக் கையில் பிடித்துக்கொண்டு என் சமையலறைக்குள் வந்து நின்றார். கரண்டிக் காம்பு இரண்டு மில்லி வளைந்திருக்கிறது என்றார். எந்த மூடியும் அதன் பாத்திரத்துக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்றார். நான் அடுப்பை அணைக்க எத்தனை விநாடி தாமதிக்கிறேன் என்று கணக்கு சொன்னார். பத்தே நாளில் ஒழுகும் குழாயிலும் ஆடும் நாற்காலியிலும் குக்கர் மூடியிலும் சிவப்புப் பெருக்கல் குறி வந்துவிட்டது. ஃபோனில் மகளிடம் சொல்லி அழுதேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

“அப்பாவ எங்கயாவது சேத்து விடும்மா. இல்லன்னா ஒரு நாள் ஒன் நெத்தியிலயும் பெருக்கல் போட்டுடுவாரு.”

அப்படித்தான் தச்சு வகுப்பு வந்தது. இரும்புச் சாமான் கடைக்கு மேல் மாடியில், செவ்வாய், வியாழன், சனி, பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை. சொல்லிக்கொடுக்கிற டீச்சருக்கு எங்கள் மகள் வயதுகூட இருக்காது. அங்கே ஒரே ஒரு பாடம்தான். ஆணி இல்லாமல், பசை இல்லாமல், பல்லும் பள்ளமுமாக வெட்டிக் கோத்து ஒரு பெட்டி செய்ய வேண்டும். டீச்சர் அதில் விளிம்பு வரை பொடி மணலைக் கொட்டுவார், தூக்கிப் பிடித்து இருபது எண்ணுவார். ஒரு துளி மணலும் கீழே விழாவிட்டால் பாஸ். பாஸானால் வகுப்பு முடிந்தது. வகுப்பில் இடம் கிடைக்க வெளியே நிறையப் பேர் காத்திருந்தார்கள்.

தினமும் சாப்பிடும்போது எனக்கும் பாடம் நடந்தது. நான்கு பலகையின் ஓரங்களிலும் கோடு போட வேண்டும், ஒரு பலகையில் பல் இருக்கும் இடத்தில் மற்றதில் பள்ளம் இருக்க வேண்டும். ரம்பத்துக்கும் ஒரு தடிமன் உண்டு, அதனால் கோட்டின் மேலேயே அறுத்தால் பல் மெலிந்துபோகும். கழிக்கிற பக்கம் ஒதுங்கி அறுத்து, மிச்சத்தை உளியால் பாதி இந்தப் பக்கமிருந்தும் பாதி அந்தப் பக்கமிருந்தும் எடுக்க வேண்டும். சுத்தியலால் அடித்து ஏற்றினால் பலகை பிளக்கும். தானாக விழுந்து பொருந்தினால் தானாகவே கழன்றுவிடும். உள்ளங்கையால் அழுத்தினால் கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு உள்ளே போக வேண்டும். நான் ‘ம்’ கொட்டிக்கொண்டே இருந்தேன். இத்தனையும் என் தலைக்குள் ஏறிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இதில் ஒரு வேடிக்கை. வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வேலையில் குற்றம் கண்டுபிடித்த மனிதர் தன் கையால் ஒரு குச்சிகூடச் செதுக்கியதில்லை. முதல் பெட்டி லாரி மோதியதுபோல இருந்தது. இரண்டாவதில் இரண்டு பலகையிலும் ஒரே இடத்தில் பல் வெட்டியிருந்தார், ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. டீச்சர் மணலைத் தூக்குவதற்கு முன்பே இவரே வெர்னியரை வைத்துப் பார்த்து, தன் பெட்டியின் மேல் தானே பெருக்கல் குறி போட்டு, வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். அப்படிப் பத்துப் பெட்டிகள் வந்தன. ஒன்றில் வெங்காயம் போட்டேன். ஒன்றில் துணி மாட்டும் கிளிப்புகள். ஒன்றில் எந்தப் பூட்டுக்கும் சேராத சாவிகள். எல்லாவற்றிலும் சிவப்புப் பெருக்கல். வீட்டுக்கு வருகிறவர்கள் ஏதோ விஷ மருந்து என்று தள்ளியே உட்கார்ந்தார்கள்.

ஆனால் எனக்கு மூன்று மணி நேரம் கிடைத்தது. அதைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. அவர் படியிறங்கி, வெளிக் கேட் சத்தம் கேட்டதும் கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே வெறுந்தரையில் மல்லாந்து படுப்பேன். கால் இரண்டையும் ஆடும் நாற்காலியின் மேல் போட்டுக்கொள்வேன். பிறகு பாடுவேன். வாய்விட்டு, தொண்டை வலிக்க. கல்யாணமான முதல் மாதம், சமையலறையில் பாடிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று கேட்டவர், “நல்லாத்தான் இருக்கு, ரெண்டாவது வரியில சுருதி கொஞ்சம் எறங்குது” என்றார். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை, அளவு சொன்னார். ஆனால் அன்றோடு அவர் காது கேட்க நான் பாடியதில்லை. அவர் வேலைக்குப் போன வருடங்களெல்லாம் பகல் முழுக்க என்னுடையதாக இருந்தது. ஓய்வு பெற்றதும் ஒரே நாளில் போயிற்று. வகுப்புதான் அதில் ஒரு துண்டைத் திருப்பிக் கொடுத்தது.

பதினோராவது பெட்டி ஒரு வியாழக்கிழமை வந்தது. சிவப்புக் குறி இல்லை. நான்கு மூலையும் மரம் மரத்துக்குள்ளேயே முளைத்ததுபோல இருந்தன. அவர் அதை மேசையில் வைத்துவிட்டு இரண்டு சுற்று நடந்தார்.

“சனிக்கிழம பாஸ் ஆயிடும். அதோட கிளாஸ் முடிஞ்சுதும்மா. அப்புறம் முழு நாளும் வீட்லதான்” என்றார், எனக்கு ஏதோ பரிசு அறிவிக்கிறவர்போல.

 வெள்ளிக்கிழமை முழுக்க யோசித்தேன். சனிக்கிழமை காலை உப்புத்தாளை எடுத்தேன்.

மத்தியானம் திரும்பி வந்தவர் பெட்டியை வெங்காயத்துக்குப் பக்கத்தில் வைத்தார். “மணல் ஒழுகிடுச்சு” என்றார். “அடப்பாவமே” என்றேன், முகத்தை எத்தனை பரிதாபமாக வைத்துக்கொள்ள முடியுமோ அத்தனை பரிதாபமாக. “காத்துல ஈரம் மாறினா மரம் ஊதும், சுருங்கும்” என்று அவரே காரணமும் சொன்னார். நான் ஈரத்தை இரண்டு வார்த்தை திட்டினேன்.

பன்னிரண்டாவது பெட்டிக்கும் அதே மூலை, அதே எட்டுத் தேய்ப்பு. பதின்மூன்றாவதற்கும் அப்படியே. ஒவ்வொரு முறையும் மணல் ஒழுகிற்று, ஒவ்வொரு முறையும் ஈரத்தின் மேல் பழி விழுந்தது. எனக்குத் தைரியம் வந்துவிட்டது. வருடக்கணக்கில் இப்படியே ஓட்டிவிடலாம் என்று கூட நினைத்தேன். பதின்மூன்றாவது பெட்டி தோற்ற மறுவாரம் செவ்வாய்க்கிழமை, நான் நாற்காலி மேல் காலைப் போட்டு இரண்டாவது பாட்டில் இருந்தபோது ஃபோன் அடித்தது. டீச்சர்.

“அம்மா, சார் இப்பதான் டீ குடிக்கக் கீழ போயிருக்காரு. ஒரு விஷயம் உங்ககிட்ட சொல்லணும். தப்பா எடுத்துக்காதீங்க. அவரோட பெட்டிய…”

மாட்டிக்கொண்டேன் என்று எழுந்து உட்கார்ந்தேன்.

“…அவரே கெடுக்கறாருமா. டெஸ்ட்டுக்கு முன்னாடி பின்பக்கம் போயி, உளிய வெச்சு ஒண்ணாவது மூலையில எல்லாப் பல்லையும் செதுக்கிட்டு வராரு. மூணு தடவையும் பாத்துட்டேன். பாஸ் ஆக அவருக்கு இஷ்டமே இல்ல. வீட்ல எதுனா பிரச்சனையா?”

“ஒண்ணாவது மூலையா?” என்றுதான் என்னால் கேட்க முடிந்தது.

“ஆமாம்மா. இந்த சனிக்கிழம கடைசி. வெளிய நெறையப் பேரு காத்திருக்காங்க. நான் வேற என்ன பண்றது?”

ஃபோனை வைத்ததும் எனக்கு வந்த கோபம் இருக்கிறதே, சொல்லி மாளாது. வீட்டில் என்னோடு இருக்கப் பிடிக்காமல் ஒரு மனிதன் உளியை எடுத்துத் தன் பெட்டியைத் தானே வெட்டுகிறான்! என் மூஞ்சியைப் பார்க்க அவ்வளவு கசப்பா? முப்பத்தைந்து வருடம் டப்பா கட்டிக் கொடுத்த கைக்கு இதுதானா மரியாதை? உப்புத்தாள் என் தலையணைக்கு அடியில்தான் இருந்தது. அந்தக் கோபத்தில் அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

ஒன்றேகால் மணிக்கு அவர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே பிடித்துக்கொண்டேன்.

“ஏங்க, ஒண்ணாவது மூலைய யாரு செதுக்குனது?”

அவர் செருப்பை வரிசையாக வைத்தார். நிமிர்ந்தார்.

“நான்தான். மூணாவது மூலைய யாரு தேச்சது?”

உப்புத்தாள் அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. அவர் உள்ளே வந்து ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மொத நாளே தெரியும். பஸ்ல ஏறினதும் வெர்னியர் வெச்சுப் பாத்தேன். மூணாவது மூலையில நடுப்பல்லு கொறஞ்சிருந்துச்சு. மடியில உப்புத்தாள் தூளு. நான் செக்கர்மா.”

“அப்ப ஏன் கேக்கல?”

“என்னன்னு கேக்கறது? அங்க போயி பின்பக்கம் நின்னு நானே மணல கொட்டிப் பாத்தேன். ஒரு துளி விழல. நீ தேச்சது பத்தல. பெட்டி நின்னுடும் போல இருந்துச்சு.” கையிலிருந்த பையைத் தரையில் இறக்கி வைத்தார். “இவ்ளோ தூரம் எறங்கிட்டன்னா, நான் இல்லாத அந்த நேரம் உனக்கு அவ்ளோ வேணும்னு நெனச்சேன். மிச்சத்த நான் செதுக்குனேன்.”

 சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எது முதலில் வெளியே வந்தது என்று தெரியவில்லை.

“ஃபாக்டரியில நான் ஷெட்டுக்குள்ள போனா பேச்சு நின்னுடும்” என்றார் அவர், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு. “அது பழகிடுச்சு. வீட்லயும் நான் வந்தா நீ முணுமுணுக்கறது நின்னுடுது. அது பழகல.”

நான் ‘அப்படியெல்லாம் இல்லை’ என்று சொல்ல வாயெடுத்தேன். அளவு பார்த்தே வாழ்ந்தவரிடம் பொய் சொல்ல முடியாது, விட்டுவிட்டேன். தலையணைக்கு அடியிலிருந்த உப்புத்தாளை எடுத்து வந்து மேசையில், அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, “இது ரொம்ப மெல்லிசு, எட்டுத் தடவ எப்படிப் பத்தும்?” என்றார்.

சனிக்கிழமை பதினான்காவது பெட்டி போயிற்று. அவர் குளித்த இருபது நிமிடமும் நான் சமையலறையை விட்டு நகரவில்லை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன். இரண்டு மணிக்குத்தான் வந்தார். பஸ்ஸில் ஏறாமல் நடந்தே வந்திருக்கிறார், கையில் விளிம்பு வரை மணலோடு பெட்டி. மேசையில் வைத்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது. பெட்டிக்குக் கீழே மேசையில் விரலால் தடவிப் பார்த்தேன். ஒன்றும் ஒட்டவில்லை.

“பாஸ்” என்றார்.

“நல்லா இருக்கு” என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. அதோடு என் மூன்று மணி நேரம் போயிற்று என்பதும் மனதில் ஒரு ஓரத்தில் வலித்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சற்று முன் அவர் சட்டை போட்டுக்கொண்டு, ரம்பமும் உளியும் இருக்கும் பையை எடுத்தார்.

“கிளாஸ்தான் முடிஞ்சிடுச்சே, எங்க கெளம்பிட்டீங்க?”

“இங்கதான், கீழ நம்ம மாடிப்படிக்கு அடியில எடம் கேட்டு வெச்சிருக்கேன். பத்துலேருந்து ஒண்ணு வரைக்கும். டீச்சர் மூடி செய்யச் சொல்லியிருக்காங்க, அந்தப் பெட்டிக்கு.” வாசலில் நின்று சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினார். “சாவி எடுத்துட்டுப் போகல. ஒரு மணிக்கு பெல் அடிக்கறேன்.”

கதவைச் சாத்திக்கொண்டு போனார். நான் கூடத்தின் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே படுத்து, காலை நாற்காலி மேல் போட்டேன். சற்று நேரத்தில் கீழேயிருந்து ரம்பம் இழுபடும் சத்தம் வந்தது. ஒரே சீராக, கோட்டை விட்டு ஒதுங்கி அறுக்கிற கவனத்தோடு. கண்ணை மூடிக்கொண்டு பாடத் தொடங்கினேன். முதலில் சின்னக் குரலில், பிறகு கொஞ்சம் வாய்விட்டு. இரண்டாவது வரியில் சுருதி இறங்கியது. எனக்கே கேட்டது.

கீழே ரம்பம் நின்றது.

நானும் நிறுத்தினேன். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மேசை மேல் மணல் நிறைந்த பெட்டி, நான்கு மூலையும் சிந்தாமல், அப்படியே இருந்தது. கீழேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. சுருதி இறங்கினால் இறங்கட்டும் என்று அதே இரண்டாவது வரியை, முன்னைவிட உரக்க, மறுபடி எடுத்தேன். வரி பாதி போவதற்குள் ரம்பம் இழுபடத் தொடங்கியது.