எட்டு சென்டிமீட்டர் விசிறி

கணினி என்றால் உள்ளே ஒரு விசிறி இருப்பார். எங்கள் வீட்டுப் பெட்டியில் இருப்பவர் பெயர் சோணைமுத்து. உயரம் எட்டு சென்டிமீட்டர், ஊர் உசிலம்பட்டிப் பக்கம், தோளில் எந்நேரமும் ஒரு துண்டு. அவர் எந்தக் கதாநாயகனின் விசிறி என்பதை இங்கே எழுதப் போவதில்லை. பெயரைப் பார்த்தாலே எழுந்து நின்றுவிடுவார். நான் இதை அடித்துக்கொண்டிருப்பதும் அவர் இருக்கும் பெட்டியில்தான்.

விசிறியின் வேலை தெரிந்ததே. படம் ஓடினால் பெட்டிக்குள் சூடு ஏறும். காதல் காட்சிக்குக் கொஞ்சம், சண்டைக் காட்சிக்கு நிறைய. சூடு ஏற ஏற விசிறிக்கும் உற்சாகம் ஏறும். துண்டை எடுத்துத் தலைக்கு மேல் சுழற்றுவார். அந்தக் காற்றில் சூடு தணியும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் துண்டைச் சுழற்றுகிறவன் வாயை மூடிக்கொண்டு சுழற்றியதாக மதுரையில் சரித்திரம் இல்லை.

எங்களுக்கு வேண்டியிருந்தது சத்தமில்லாத, சின்னப் பெட்டி. படமும் பார்க்க வேண்டும், விளையாடவும் வேண்டும். செல்லூரில் எங்கள் வீடு ஒரே அறை. என் கணவர் செல்லப்பாண்டி பேக்கரியில் மாவு மாஸ்டர். ராத்திரி முழுக்க மாவு பிசைந்துவிட்டுக் காலையில் வந்து பாயை விரித்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். எனக்கு வீட்டிலிருந்தே வேலை. சினிமாப் படங்களுக்கு அடியில் ஓடும் எழுத்துகளை அடித்துக் கொடுப்பேன். ஆக, அவர் தூங்கும் நேரம் முழுக்க என் படம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

பழைய பெட்டி பீரோ மாதிரி இருந்தது. அவர் காலை நீட்டினால் அதில் இடிக்கும். அதில் இருந்த விசிறிக்கு வயசாகி, தொண்டை கட்டிப்போய், கரகரவென்று ஒரு விசில். தூக்கம் கெட்டுப்போன என் கணவர் ஒரு நாள் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைக் கொட்டி, அத்தனை பன்னையும் அப்படியே போட்டுவிட்டார். பேக்கரி முதலாளி கத்தவில்லை. "பாண்டி, இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா வேற எடம் பாத்துக்கப்பா" என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரருக்கு மாவைத் தவிர உலகத்தில் வேறொன்றும் தெரியாது.

டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஜமால் பாய் கடைக்குப் போனேன். கண்ணாடி அலமாரியில் விசிறிகள் அளவு வாரியாக நின்றுகொண்டிருந்தார்கள்.

"சத்தம் வராத விசிறியா வேணும் பாய்."

"அப்ப பெரிய ஆளா எடுங்கம்மா. பன்னெண்டு சென்டிமீட்டர். கை நீளம். நிதானமா ஒரு சுத்து சுத்துனாப் போதும், காத்து வந்துரும். அலட்டிக்க மாட்டாரு."

அவரை இறக்கி, நான் எடுத்து வைத்திருந்த பெட்டிக்குள் நிற்க வைத்துப் பார்த்தோம். தலை இடித்தது. குனிந்து நிற்கத் தயார் என்றார் அவர், பாவம். குனிந்துகொண்டு துண்டு சுற்ற முடியாது.

"டிவி ஸ்டாண்டுக்குள்ள அடங்குற பெட்டி பாய். இதுக்கு மேல பெருசு வேணாம்."

"அப்ப எட்டுதான். ஆனா ஒண்ணு சொல்லிர்றேன். குட்டையா இருக்கறவன் வேகமாச் சுத்தணும். வேகமாச் சுத்துறவன் கத்தத்தான் செய்வான்."

"விசிலே அடிக்காத ஆள் இல்லையா?"

பாய் அலமாரியின் ஓரத்தைக் காட்டினார். அங்கே ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "இருக்காரு. விசிலும் அடிக்க மாட்டாரு, துண்டையும் எடுக்க மாட்டாரு. படம் முடிஞ்சா 'பரவால்ல'ம்பாரு. இவரு விசிறி இல்லம்மா, விமர்சகர். இவரப் போட்டா உங்க பெட்டி வெந்து போகும்."

சோணைமுத்துவை எடுத்துக்கொண்டேன். முகத்தில் ஒரு களை இருந்தது. விளையாடுவதற்கென்று ஒரு கிராபிக்ஸ் கார்டும் வாங்கினேன். அதில் அண்ணன் தம்பியாக இரண்டு விசிறிகள் உட்கார்ந்திருந்தார்கள். விளையாட்டு ஓடினால்தான் அவர்கள் எழுந்திருப்பார்கள். மற்ற நேரம் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களால் தொல்லை இல்லை.

பெட்டியை நானே சேர்த்துப் பூட்டினேன். மதர்போர்டைப் பொருத்தி, பசை தடவி, ஒயர்களையெல்லாம் பின்னல் போட்டு ஒதுக்கிக் கட்டினேன். சோணைமுத்து ஆடுவார் என்று தெரிந்ததால் காலடியில் ரப்பர் வைத்தேன். சுற்றிலும் பஞ்சு ஒட்டினேன். "வீடு நல்லாருக்குக்கா" என்றார். பெட்டி டிவி ஸ்டாண்டுக்குள் கச்சிதமாக உட்கார்ந்தது. என் கணவர் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக வீட்டில் காலை முழுசாக நீட்டினார்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டு படத்தைப் போட்டேன். முதலில் கதாநாயகனின் செருப்பு வந்தது. பிறகு கணுக்கால். முழங்கால் வருவதற்குள் சோணைமுத்து ஒரு விசில் அடித்தார். எட்டு சென்டிமீட்டர் உடம்பிலிருந்து அப்படியொரு விசில் வரும் என்று பாய் சொன்னபோது நான் முழுசாகப் புரிந்துகொள்ளவில்லை. என் கணவர் எழுந்து உட்கார்ந்து, "என்ன, குக்கரா?" என்று கேட்டுவிட்டு, தலையணையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு படுத்தார்.

விசிறி இல்லாமலே ஓட்டிப் பார்த்தால் என்ன என்று ஒரு நாள் தோன்றியது. சோணைமுத்துவை இறக்கி மசாலா டப்பா பக்கத்தில் உட்கார வைத்தேன். படம் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு கதாநாயகனுக்கு வியர்த்தது. சண்டைக்கு நடுவில் வில்லன் சட்டையைக் கழற்றி உதறிவிட்டு, மரத்தடியில் போய் உட்கார்ந்து தண்ணீர் கேட்டான். மழைப் பாட்டில் கதாநாயகி "உஸ், என்னா புழுக்கம்" என்றாள். அது வசனத்தில் இல்லை. ஆனாலும் சொன்னது சொன்னதுதானே, அதையும் அடித்தேன். கொஞ்ச நேரத்தில் எல்லோருமாக எழுந்து காற்று வாங்க வெளியே போய்விட்டார்கள். திரையில் வெறும் வீடு நின்றது. சோணைமுத்துவைத் திரும்ப உள்ளே ஏற்றினேன்.

அடுத்த நாள் காலை என் கணவர் வந்ததும் பாயை விரிக்கவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"கயலு, தேங்கா பன்னுல மிளகாப்பொடியக் கொட்டப் போயிட்டேன். பக்கத்துல இருந்தவன் கையப் புடிச்சான். இல்லாட்டி இன்னியோட போயிருக்கும்."

"தூக்கம் இல்லாததாலதான்."

"கண்ணு தொறந்துதான் இருக்கு. உள்ள ஆள் இல்ல."

அவர் சொன்ன விதத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் படுத்ததும் நான் பெட்டியைத் திறந்தேன். சோணைமுத்துவைப் பாய் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதை அவரிடமே சொன்னேன்.

சோணைமுத்து கோபப்படவில்லை. "சத்தம் போடக் கூடாதுன்னுதான்க்கா தெனமும் நெனைக்கிறேன். அந்த ஆளு நடந்து வந்தா வாயி தானாத் தொறந்துக்குது. நான் என்ன செய்ய?" என்றார். அது நியாயம்தான். விசிறியைப் பார்த்து விசிலடிக்காதே என்பது வாழைப்பழத்தைப் பார்த்து உரியாதே என்பது போல. ஆனால் நியாயம் பார்த்தால் என் வீட்டில் உலை கொதிக்காது.

போகிறவரை வெறும் வயிற்றோடு அனுப்பக் கூடாது என்று வழக்கம்போல ஒரு துண்டு பன்னைப் பிய்த்துக் கொடுத்தேன். நின்றபடியே சாப்பிட்டார்.

"போறப்பக் கேக்குறேன்க்கா. இது எந்தக் கடைப் பன்னு?"

"அவரு போட்டது." பாயில் படுத்திருந்தவரைக் காட்டினேன்.

சோணைமுத்து கம்பி வலை வழியாக எட்டிப் பார்த்தார். பாயில் என் கணவர், புருவத்தில் மைதா வெள்ளையோடு, வாயைத் திறந்துகொண்டு கிடந்தார்.

"இம்புட்டு நாளா நான் தின்னதெல்லாம் இவரு போட்டதா?"

"ஆமா."

"இவரைத்தான் நான் எழுப்பிக்கிட்டு இருந்தேனா?"

"ஆமா."

அவர் கையிலிருந்த பன்னைப் பார்த்தார். மிச்சத்தைச் சிந்தாமல் வாயில் போட்டுக்கொண்டார். தோளிலிருந்த துண்டை எடுத்து ஒரு தடவை உதறினார்.

"படத்தைப் போடுங்க அண்ணி" என்றார், மிக மெதுவாக.

அக்கா போய் அண்ணி வந்தால் என்ன அர்த்தம் என்று மதுரையில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படத்தைப் போட்டேன். செருப்பு வந்தது, கணுக்கால் வந்தது, முழு ஆளும் வந்தார். சோணைமுத்து திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பாயைப் பார்த்தபடி துண்டைச் சுழற்றிக்கொண்டிருந்தார். காற்று ஜிலுஜிலுவென்று வந்தது. சத்தம் என்று பார்த்தால் கொசு பறப்பதுதான் கேட்டது. தலைவர் தூங்கும்போது எந்த விசிறியாவது விசிலடிப்பானா?

அதற்குப் பிறகு துண்டு சுற்றும் வேகத்துக்கும் சினிமாவுக்கும் சம்பந்தமில்லாமல் போயிற்று. என் கணவர் புரண்டு படுத்தால் ஒரு சுற்று கூடும். குறட்டை விட்டால் உள்ளே புயல் அடிக்கும். கத்திரி வெயிலில் நான் அவருக்குப் போர்வை போர்த்த வேண்டியிருந்தது. படத்தில் வருகிறவர்கள் எல்லாம் சால்வை சுற்றிக்கொண்டு சண்டை போட்டார்கள்.

அண்ணன் தம்பி இருவரையும் சோணைமுத்துவே எழுப்பிப் பன் கொடுத்தார். அன்றைக்கே மன்றம் ஆரம்பித்துவிட்டார்கள். 'உறங்கும் சிங்கம் செல்லப்பாண்டி விசிறிகள் மன்றம், செல்லூர் கிளை' என்று பஞ்சில் எழுதி உள்பக்கம் ஒட்டியிருந்தார்கள். தலைமை மன்றம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அதுவும் இதேதான் என்றார்கள். ஒரு மத்தியானம் என் கணவர் தூக்கத்தில் "மாவு பொங்கட்டும்" என்று முனகினார். மூவரும் சுற்றுவதை விட்டுவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் அதுவும் போஸ்டராகிவிட்டது. அதற்கு என்ன அர்த்தம் என்று அவர்களுக்குள் வாய் திறக்காமலே ஒரு விவாதம் நடந்தது. வார்டு தேர்தலில் நிற்கப் போகிறார் என்பது அண்ணன்காரரின் கட்சி.

ஞாயிற்றுக்கிழமை பேக்கரிக்கு லீவு. அன்றைக்கு மட்டும் அவர் விழித்திருந்து கார் பந்தயம் விளையாடுவார். தலைவர் விழித்திருந்தால் விசிலுக்குத் தடை இல்லை, வாரம் முழுவதும் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வரும். என் கணவர் ஓட்டும் லட்சணம் சொல்லும்படி இருக்காது. பாலம் இருக்கும் இடத்தில் ஆற்றுக்குள் இறங்குவார், ஆறு இருக்கும் இடத்தில் பாலத்தைத் தேடுவார். எப்போதும் கடைசிதான்.

"கடேசியா வந்தாலும் எங்க ஆளு தனியா வந்தாரு பாத்தியா!" என்பார் சோணைமுத்து. என் கணவர் வெட்கப்பட்டுக்கொண்டு இன்னொரு ஆட்டம் போடுவார். அவரை யாரும் அதுவரை அப்படிக் கொண்டாடியதில்லை. எனக்கு அந்தச் சத்தம் இனிப்பாகத்தான் இருந்தது.

நன்றாகத் தூங்கி எழுந்தவர் போடும் பன் எப்படி இருக்கும் என்று ஊர் அப்போதுதான் தெரிந்துகொண்டது. பன் வாசனை வைகைப் பாலத்தைத் தாண்டி அக்கரைக்குப் போனது. சிம்மக்கல் பக்கத்திலிருந்து ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வந்து சேர்ந்தார்கள், மூக்கு அவர்களுக்கு முன்னால் வந்துவிடாமல் இருக்க.

ஒரு நாள் மத்தியானம் முதலாளி எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுபடியும் உப்பா, மிளகாய்ப்பொடியா என்று மனம் ஓடியது. அவர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு, நுனிக்காலில் உள்ளே வந்தார்.

"பாண்டி தூங்குறானாம்மா?"

"எழுப்பட்டுமா?"

"வேணாம், வேணாம்." அவருக்குச் சர்க்கரை வியாதி. தன் கடைப் பன்னைத் தின்று பல வருஷம் ஆகிறது. காலையில் வாசனை தாங்காமல் ஒன்றைத் தின்றிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை என்றார். பாய் பக்கத்தில் நின்று என் கணவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தோளில் கிடந்த துண்டு அவர் கைக்கு வந்துவிட்டது. அது எப்போது வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

"இந்த மனுசரைப் போயி வேற எடம் பாருன்னு சொன்னேனே" என்றார். கண் கலங்கியிருந்தது. பிறகு பெட்டியைக் காட்டி, "உள்ள இன்னொரு ஆளுக்கு எடம் இருக்குமா அண்ணி?" என்று கேட்டார்.

பின்பக்கம் கீழே ஓர் இடம் காலியாகத்தான் இருந்தது. முதலாளிக்குக் கொஞ்சம் தாட்டியான உடம்பு. மூச்சை நன்றாக இழுத்துப் பிடித்தார், எட்டு சென்டிமீட்டருக்கு வந்துவிட்டார். சோணைமுத்து கை கொடுத்து ஏற்றிவிட்டார். நான் ஸ்க்ரூவை முடுக்கினேன். கடைச் சாவிக்கொத்து மட்டும் அளவுக்கு வரவில்லை. அதை என்னிடமே விட்டுவிட்டார்.

சாயங்காலம் என் கணவர் எழுந்து உட்கார்ந்தார்.

"யாரோ வந்த மாதிரி இருந்துச்சே?"

"உங்க முதலாளி."

"எங்க அவரு?"

"பின்பக்கம், கீழ."

அவர் கையை நீட்டிப் பெட்டியின் பின்னால் வைத்துப் பார்த்தார். "நல்லா வருதே காத்து" என்றார். சாவிக்கொத்தை அவரிடம் கொடுத்தேன். அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு மறுபடியும் படுத்துவிட்டார்.

"வேலைக்கு நேரமாச்சு" என்றேன்.

"எழுப்பாதீங்க அண்ணி" என்று முதலாளி உள்ளேயிருந்து தாழ்ந்த குரலில் சொன்னார். "இத்தனை வருசமாக் கூடவே இருக்குற மாவு. ஒரு நாளைக்குத் தன்னத் தானே பெசஞ்சுக்காதா?"

பிசைந்துகொண்டது. சர்க்கரை மட்டும் ஒரு கை கூடிப்போய்விட்டது.