பலகை காட்டிய அசர் நேரம்

எங்கள் பள்ளிவாசலின் பக்கச் சுவரில் ஒரு தொழுகை நேரப் பலகை இருக்கிறது. மேலே இஸ்லாமியக் கணக்கில் ஹிஜ்ரி ஆண்டு. நடுவில் ஐந்து வேளைகளின் பெயர்கள்: சுபஹ், லுஹர், அசர், மஃரிப், இஷா. அடுத்து வரும் தொழுகைக்கு நேரே பச்சை விளக்கு எரியும். கீழே சிவப்பு இலக்கங்களில் அதன் நேரம், இருபத்து நான்கு மணிக் கணக்கில். எல்லாவற்றுக்கும் அடியில் பித்தளைத் தகட்டில் என் தகப்பனார் ஆதம்பாவாவின் பெயர்.

வாப்பா அதை எண்பதுகளில் ஜித்தாவில் சொல்லிச் செய்வித்தார். தொண்ணூறில் யுத்தம் விரட்ட, நாங்கள் எங்கள் தீவை விட்டுப் புத்தளம் போனோம். திரும்பி வந்தபோது பள்ளிக்குக் கதவு இல்லை, கூரையில் பாதி இல்லை. பலகை இருந்தது. மின்சாரம் கொடுத்ததும் எரிந்தது. வாப்பா செய்வித்த பொருள் அப்படித்தான் இருக்கும்.

இந்த வருடம் உப்புக்காற்று கடைசியில் அதன் மூளையைத் தின்றுவிட்டது. இலக்கங்கள் நன்றாகவே இருந்தன. உள்ளே இருந்த புரொசசர்தான் செத்துப்போனது. அந்த வகையை இப்போது எவரும் செய்வதில்லை என்றார்கள்.

பள்ளி நிருவாகத் தலைவர் ஜெஸீம் ஹாஜியார் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"காசிம் நானா, என்ட மகன் துபாயில இருந்து புதுப் பலகை ஒண்டு அனுப்புறான். பழசைக் கழட்டி வீட்டில வச்சுக்கொள்ளுங்கோ, ஞாபகத்துக்கு."

"புதுப் பலகைக்குக் கீழ ஆர்ட பேர் வரும்?"

"அது... குடுத்தவங்கட பேர்தானே."

"வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு எங்கட பலகை எரியும். எரியாட்டி நானே கழட்டித் தாறன்" என்றேன். அவர் தேநீர் குடிக்காமலே போனார்.

எனக்குக் கலக்கம் இருக்கவில்லை. என் மருமகள் நுஸ்ரியா வீட்டிலிருந்தபடி கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறவள். அவள் கணவனான என் மகன் தோஹாவில். விஷயத்தைச் சொன்னதும் அவள் பலகையின் உட்பகுதியைக் கழற்றுவித்து, பழைய புரோகிராம் இருந்த சிப்பை மட்டும் எடுத்து வாசித்தாள்.

"புரோகிராம் பழுதாகேல்ல மாமா. அதை ஓட்டின புரொசசர்தான் இல்ல. உள்ளங்கை அளவில ஒரு சின்னக் கம்பியூட்டர் இருக்கு. அது அந்தப் பழைய புரொசசர் மாதிரி நடிக்கிறதுக்கு நான் மென்பொருள் எழுதுறன். புரோகிராமுக்கு வித்தியாசமே தெரியாது."

இரண்டு நாளில் அவளுடைய மடிக்கணினியில் ஆண்டு வந்தது. கூப்பிட்டுக் காட்டினாள்.

"நாங்க இப்ப இருக்கிறது ஹிஜ்ரி நாற்பத்திரண்டாயிரத்து எழுநூற்று ஐம்பத்தேழு."

"அப்ப உலகம் அழியிற கியாமத்து நாளும் முடிஞ்சு போச்சுதா மகள்?"

அவள் சிரித்துக்கொண்டே விளக்கினாள். பெரிய எண் ஒன்றைக் கணினி இரண்டு பெட்டிகளாகப் பிரித்து வைக்கும். ஒரு பெட்டிக்குப் பெயர் பைட். பழைய புரொசசர் எண்ணின் பெரிய பகுதியை முதற்பெட்டியில் வைத்தது. புதியது சிறிய பகுதியை முதலில் எதிர்பார்க்கிறது. ஒன்று தலையிலிருந்து வாசிக்க, மற்றது காலிலிருந்து வாசிக்கிறது. "எல்லாப் பெட்டிகளையும் சோடி சோடியா இடம் மாத்திவிட்டாச் சரி" என்றாள். மாற்றினாள். ஆயிரத்து நானூற்று நாற்பத்தேழு என்று சரியாக வந்தது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு முன்னர், பாங்கு சொல்லும் மோதினார் ரிஸ்கான் ஏணி வைத்துச் சின்னக் கணினியைப் பலகைக்குள் பூட்டினார். ஊர் முழுவதும் தலைநிமிர்ந்து பார்த்திருக்க, பச்சை விளக்கு எரிந்தது. லுஹர், 12:12. பலரும் தங்கள் போனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். ஜெஸீம் ஹாஜியாரும் பார்த்தார், தலையாட்டவில்லை.

வெளியே வந்து நுஸ்ரியாவை அழைத்தேன்.

"பன்னிரண்டு பன்னிரண்டு. நிமிசம் பிசகேல்ல."

"அல்ஹம்துலில்லாஹ். ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கோ மாமா. அசருக்கு மாறினதும் இன்னொண்டு. நான் பலகையைக் கண்ணால காணேல்லத்தானே."

"பள்ளிக்குள்ள போன் தூக்கிப் படம் எடுக்கிற குடும்பமில்ல நாங்க. நான் பார்த்தனான், அது காணும்."

தொழுகை முடிந்ததும் பலர் கைகொடுத்தார்கள். வாங்கிக்கொண்டேன், எங்களுக்கு உரியதுதானே. கூட்டம் கலைந்து, வாசல் நிழலில் கழுதைகள் வந்து படுத்த பிறகும் நான் தூணோரம் அமர்ந்திருந்தேன். ஒரு வேளை வந்து ஒரு மணித்தியாலம் ஆனபின்தான் பலகை அடுத்த வேளைக்கு மாறும். பச்சை விளக்கு அசருக்குத் தாவியது. கீழே: 16:15.

இந்த நாட்களில் அசர் மூன்று மணி கடந்து சற்று நேரத்தில் வந்துவிடும். நாலேகாலுக்கு அல்ல.

ரிஸ்கான் தன் போனை நீட்டினார். "காசிம் ஹாஜியார், இதில பதினைஞ்சு பதினாறு எண்டு கிடக்கு. அங்க பதினாறு பதினைஞ்சு."

மருமகளுக்குச் சொன்னேன். இரண்டு நேரங்களையும் திரும்பச் சொல்லச் சொன்னாள்.

"மாமா, பன்னிரண்டு பன்னிரண்டைத் திருப்பிப் போட்டாலும் பன்னிரண்டு பன்னிரண்டுதான்" என்றாள் மெதுவாக. "ஆண்டு எண்டது ஒரே எண், ரெண்டு பெட்டிக்குள்ள இருக்கு. மணியும் நிமிசமும் அப்படியில்ல. அது வேற எண், இது வேற எண், ஆளுக்கொரு பெட்டி. நான் எல்லாத்தையும் சோடியா மாத்தினதில அதுகளும் இடம் மாறிப்போச்சு. ஒரு பெட்டியை மட்டும் கேட்டால் பக்கத்துப் பெட்டியைக் குடுக்கச் சொல்லி எழுத வேணும். சின்ன வேலை. ஆனா பலகைக்கு முன்னால நிண்டு செய்ய வேணும். இனியும் காணாமச் செய்யமாட்டன்."

ரிஸ்கான் குரலைத் தாழ்த்தினார். "ஹாஜியார், ஒருத்தரும் காணேல்ல. நான் பிளக்கைக் கழட்டிவிடுறன். கரண்ட் பிரச்சினை எண்டு சொல்லுவம். பாங்கைப் போனைப் பார்த்துச் சொல்லுறன். நாளைக்கு ஆறுதலாத் திருத்தலாம்."

நல்ல மனிதர், எனக்காகத்தான் சொன்னார். ஆனால் சுவரில் இருந்தது என் பெயரல்ல.

"எங்கட வாப்பாட பேருக்கு மேல பொய் எரியப்படாது ரிஸ்கான். பிளக் அப்படியே கிடக்கட்டும்."

ஜெஸீம் ஹாஜியாரை நானே அழைத்தேன். "பலகை பிழையான நேரம் காட்டுது. வந்து பாருங்கோ. அசருக்குள்ள திருத்திக் காட்டுறன். திருத்தாட்டி நீங்க இருக்கத்தக்கதாவே கழட்டுறன்."

அவரும் வந்தார், நுஸ்ரியாவின் ஸ்கூட்டியும் வந்தது. மடிக்கணினியைத் தோளில் மாட்டியபடி அவள் படியேறுவதைக் கண்டு அவர் எழுந்துவிட்டார்.

"பொம்புளப் பிள்ளையைப் பள்ளிக்குள்ளயா? இது என்ன புது வழக்கம் நானா?"

"போன மாசம் வயர் இழுக்க வந்தவன் வாயில பீடியோட உள்ள போனவன். நீங்க அவனுக்குக் கதிரை போட்டுக் குடுத்தனீங்க. என்ட மருமகள் வுளூ எடுத்துச் சுத்தத்தோட வந்திருக்கிறாள்."

ரிஸ்கான் சிரிப்பை அடக்கச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு அவரே கதிரை கொண்டுவந்து வைத்தார்.

நுஸ்ரியா முதலில் பலகையை நன்றாகப் பார்த்தாள். பிறகுதான் எழுதத் தொடங்கினாள். ஒருமுறை பலகை முழுதாக அணைந்தது. ஜெஸீம் ஹாஜியார் தொண்டையைச் செருமினார். நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தபடி அதைக் காண எனக்கு மனமில்லை. மீண்டும் எரிந்தது. மேலே 1447. அசர், 15:16.

"இது மட்டும் காணாது" என்றாள் அவள். "இனி எல்லா வேளையையும் ஓட்டிப் பார்ப்பம்." சுபஹ், லுஹர், மஃரிப், இஷா என்று விளக்குகள் ஒவ்வொன்றாகத் தாவின. ஒவ்வொரு நேரத்தையும் ஜெஸீம் ஹாஜியாரையே போனோடு ஒப்பிட்டு வாசிக்கச் சொன்னேன். அவர் சத்தமாக வாசித்தார். ஒன்றும் பிசகவில்லை.

"சரி" என்றார், போனைச் சட்டைப்பையில் போட்டபடி. "துபாய்ப் பலகையை மதரசாவில மாட்டுவம்."

"நல்ல இடம்" என்றேன்.

மூன்று பதினாறுக்கு ரிஸ்கான் பாங்கு சொன்னார்.

வீட்டுக்குப் புறப்படும்போது நுஸ்ரியா என்னைப் பார்த்துத் தயங்கினாள். "மாமா, மஃரிபுக்கு அது தானா மாறுதோ எண்டும் பார்க்க வேணும். என்னால வர ஏலாது..."

"ஓம், தெரியும்."

மஃரிப் வேளையில் சனம் வருமுன்னரே பள்ளிக்குப் போய், பலகைக்கு நேரே நின்று, போனைத் தூக்கிப் படம் எடுத்து அனுப்பினேன். இஷாவுக்கும் அனுப்பினேன். இலக்கங்கள் தெளிவாகத் தெரிந்தால் போதும் என்றுதான் அவள் சொல்லியிருந்தாள். நான் எடுத்த இரண்டு படங்களிலும் வாப்பாவின் பெயர்த் தகடும் முழுதாக விழுந்திருந்தது.