லியூலினில் திறக்காத வட்டம்

பென்காவின் வலது மணிக்கட்டு மூன்றாம் நாளே வீங்கிவிட்டது. வீட்டிலிருந்து ஒரு கம்பளித் துண்டைக் கொண்டுவந்து மடித்து, அதன்மேல் கையை ஊன்றிக்கொண்டு மவுஸை நகர்த்தினாள். திரையில் ஒரு சிவப்புக் குறியைப் பிடிக்க வேண்டும், இழுத்துக்கொண்டு போய்ச் சரியான கட்டடத்தின் சரியான வாசலில் விட வேண்டும். எடுத்த இடத்தில், அதற்கு அடியில் இன்னொன்று இருக்கும். ஒன்பது மணிக்கு உட்கார்ந்தவள் பதினோரு மணிக்குள் ஆறு கடைகளைக் குடிவைத்திருந்தாள்.

பல்கேரியாவின் சோபியா நகரத்துக் கடைகளையும் பட்டறைகளையும் பட்டியல் போடுகிற இணையதளம் அது. கைப்பேசியில் தேடினால் வரைபடத்தில் சிவப்புக் குறி வந்து நிற்கும். கடைகள் எட்டாயிரத்தைத் தாண்டியதும் வரைபடம் அம்மை போட்ட முகம்போல ஆகிவிட்டது. திறந்தாலே கைப்பேசிகள் திணறின. அதனால் புரோகிராமர் ஓக்னியான், நெருங்கி நிற்கும் குறிகளையெல்லாம் ஒரே வட்டமாகச் சேர்த்து, உள்ளே எத்தனை கடை என்று எண்ணையும் போட்டான். வட்டத்தை அழுத்தினால் வரைபடம் பெரிதாகும், வட்டம் சின்ன வட்டங்களாகப் பிரியும், கடைசியில் கடைகள் தனித்தனியாக வந்து நிற்கும். நகரம் முழுக்க இது ஒழுங்காக நடந்தது. அடுக்குமாடிக் கட்டடங்கள் நிறைந்த லியூலின் பகுதியில் மட்டும் 214 என்று எழுதிய வட்டம் எத்தனை முறை அழுத்தினாலும் அப்படியே கிடந்தது.

லியூலினில் முகவரியில் தெருப்பெயரை யார் எழுதுகிறார்கள்? பிளாக் எண், அதில் எந்த வாசல் என்று ஓர் எழுத்து, மிஞ்சிப்போனால் 'மருந்துக்கடைக்குப் பின்னால்'. இது எதுவும் புரியாத புரோகிராம், புரியாததையெல்லாம் அள்ளிக்கொண்டுபோய் லியூலினின் நட்டநடுவில் ஒரே புள்ளியில் கொட்டியிருந்தது. ஒரே புள்ளியில் நிற்பவற்றை எவ்வளவு பெரிதாக்கினாலும் பிரிக்க முடியாது. அந்த நட்டநடுவில் உண்மையில் ஒரு கடையும் கிடையாது. வெந்நீர்க் குழாய் போகும் ஒரு புல்தரை, அவ்வளவுதான். சுற்றுவட்டாரத்து நாய்களெல்லாம் காலையும் மாலையும் அங்கேதான் காலைத் தூக்கும்.

"அக்கா, 347க்கு அடுத்தது 348தானே?" என்று ஓக்னியான் முதல் நாளே கேட்டான். "ஒண்ணு தெரிஞ்சா மத்ததை நானே கணக்குப் போட்டு வெச்சுடுவேன். நீங்க கையை ஒடிச்சுக்க வேணாம்."

"348 பெரிய ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கு. 347க்கு அடுத்தது 12."

"இது என்னக்கா கூத்து?"

"எது முதல்ல கட்டி முடிஞ்சுதோ அதுக்கு முதல் நம்பர். கட்டினவனுக்கு அது சுலபம். தபால் எடுத்துக்கிட்டு அலைஞ்சவளுக்குத்தான் கால் போச்சு."

இருபத்தேழு வருடம் அவள் லியூலினில் தபால் கொடுத்தவள். தபால் நிலையத்தை மூடியபோது வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். சூப்பர்மார்க்கெட்டில் தயிர் டப்பா அடுக்கினாள், முதுகு ஒத்துழைக்கவில்லை. இந்த வேலை கிடைத்ததே பெரும்பாடு. அதுவும் தற்காலிக ஒப்பந்தம், பிப்ரவரி கடைசியோடு முடிகிறது. அவளுக்கு வயது அறுபத்தொன்று. ஓய்வூதியம் வாங்க இன்னும் பதினான்கு மாதச் சர்வீஸ் தேவைப்பட்டது. அந்தப் பதினான்கு மாதத்தை எவன் கொடுப்பான் என்பதுதான் படுக்கையிலும் பஸ்ஸிலும் அவளுக்கு ஒரே யோசனை. வட்டம் திறக்கவில்லை என்று முதலாளி கலோயன் வந்து, "நீங்க அந்தப் பக்கம் தெரிஞ்சவங்க, எப்படியாவது சரிபண்ணுங்க" என்றபோது அவளுக்கு உயிரே வந்ததுபோல இருந்தது.

ஒன்பது நாள் ஆயிற்று. எந்தப் பிளாக்கின் எந்த வாசல் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று அவளுடைய கால்களுக்குத் தெரியும், அதைக் கைக்கு மாற்றிக்கொண்டிருந்தாள். குந்துக் கடைகளுக்கு இன்னும் கவனமாக இருந்தாள். கட்டடத்தின் நிலவறை ஜன்னலில் நடத்தும் கடை அது. வாங்க வருபவர் தரையோடு குந்தி உட்கார்ந்துதான் உள்ளே இருப்பவரின் முகத்தைப் பார்க்க முடியும். அவற்றின் குறியை வாசலில் வைத்தால் வருகிறவன் அழைப்பு மணியை அடித்து மூன்றாம் மாடிக்காரியிடம் வசை வாங்கிக்கொண்டு திரும்புவான். அதனால் ஒவ்வொன்றையும் பின்பக்கம் கொண்டுபோய் ஜன்னல் ஜன்னலாக வைத்தாள்.

கடைசிக் குறியையும் வைத்ததும் ஓக்னியான் வந்து வட்டத்தை அழுத்திப் பார்த்தான். ஏழாகப் பிரிந்தது. அதில் ஒன்றை அழுத்தினான். முடிவெட்டுபவர், தையற்காரி, பல் டாக்டர், சாவிக்கடை என்று ஒவ்வொருவராக வந்து நின்றார்கள். "யப்பா," என்று சொல்லிவிட்டு, தான் வாங்கி வைத்திருந்த பானிட்சா என்ற பாலாடைக்கட்டிப் பணியாரத்தில் பாதியைப் பிய்த்து அவளுக்குக் கொடுத்தான். நெய் சொட்டியது. இரண்டு பேரும் விரலை நக்கிக்கொண்டே கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை 347ஆம் பிளாக்கின் பின்பக்கம் போனபோது சாவிக்காரர் ரங்கெல் ஜன்னலிலிருந்து கூப்பிட்டார். அவளுக்குத் தபால்காரியாக இருந்த காலத்திலிருந்தே பழக்கம்.

"பென்கா, இங்க வா. என்ன மாயம் பண்ணின? இந்த வாரம் அஞ்சு பேரு போனைப் பாத்துக்கிட்டே வந்தாங்க. ஒருத்தன் வழிகூடக் கேக்கல, நேரா வந்து குந்திட்டான்."

"நான் என்னண்ணே பண்ணினேன். நீங்க இருக்கிற இடத்துல உங்களை வெச்சேன்."

"அதைத்தான் இத்தனை நாளா எவனும் பண்ணலையே. உன் வீட்டுச் சாவியைக் குடு, இன்னொண்ணு வெட்டித் தரேன். காசு கீசுன்னு வாயைத் திறந்தா ஜன்னலை மூடிடுவேன்."

சாவி வெட்டும் இயந்திரம் கீச்சிட்டது. பித்தளைப் பொடி அவருடைய விரல்களில் ஒட்டி மின்னியது. அவர் இடுப்பெலும்பு ஒடிந்து தேறியவர். பழையபடி தெருவில் நடந்து வேலை பிடிக்க முடியாது. ஜன்னலுக்கு ஆள் வந்தால்தான் அன்றைக்கு அடுப்பெரியும்.

புதன்கிழமை கலோயன் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முப்பத்துநான்கு வயது, குரலை உயர்த்தாத மனிதர். மேஜையில் ஒரு காகிதம் கவிழ்த்து வைத்திருந்தது.

"உங்களை யாருக்கா இவ்வளவு நல்லா செய்யச் சொன்னது?"

"வட்டம் திறக்கலன்னு நீங்கதானே சார்..."

"சொன்னேன். அப்போ எனக்கே தெரியாது." அவர் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். "நம்ம விற்பனைப் பிரிவு ஒரு திட்டம் விக்குது. 'தனிக் குறி'. வருஷச் சந்தா கட்டினா வட்டத்துக்குள்ள போக மாட்டாங்க, வெளிய தனியா நிப்பாங்க. லியூலின்லதான் அது நல்லா போச்சு. ஏன் போச்சுன்னு இப்பத்தான் புரியுது. இப்போ ஒருத்தரும் கட்ட மாட்டேங்கிறாங்க. பக்கத்துக் கடைக்காரன் கட்டாமலே பளிச்சுனு நிக்கிறானாம். நான் மட்டும் எதுக்குக் கட்டணும்னு கேக்கிறாங்க."

"அதுக்கு என்ன சார் பண்ணணும்?"

"பழையபடி வெச்சுடணும். பணம் கட்டினவங்களை மட்டும் வெளிய விட்டுட்டு."

"அந்தப் புல்தரையில ஒரு கடைகூட இல்ல சார். நாய்தான் இருக்கு."

"தெரியும்க்கா," என்றார். பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. காகிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். இரண்டு வருட ஒப்பந்தம். லியூலின் கடைக்காரர்களின் போனை எடுத்துப் பதில் சொல்லும் வேலை. "யாராவது கேட்டா, சாஃப்ட்வேர்ல கோளாறு, பாத்துக்கிட்டு இருக்கோம்னு சொல்லுங்க. வேற யாரு சொன்னாலும் சண்டைக்கு வருவாங்க. உங்க குரலைக் கேட்டா நம்புவாங்க."

பென்கா காகிதத்தை இரண்டு முறை படித்தாள். இரண்டு முறையும் தேதியில்தான் கண் போய் நின்றது. இரண்டு வருடம் என்றால் இருபத்துநான்கு மாதம், அவளுக்கு வேண்டியது பதினான்கு. வேறு எங்கே போய் எவன் காலைப் பிடிப்பது? பேனாவை அவரிடமே வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

குறிகளைப் பழைய இடத்துக்கே திருப்பும் புரோகிராமை ஓக்னியான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தான். அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்தான்.

"அக்கா, நீங்களே அழுத்துங்க. எனக்கு மனசு வரல."

"எழுதுறதுக்கு மட்டும் மனசு வந்துச்சா?"

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"டீ கலக்குற நேரம்."

அவள் அழுத்தினாள். அந்த நேரம்கூட ஆகவில்லை. பல் டாக்டர், தையற்காரி, முடிவெட்டுபவர் எல்லாரும் இருந்த இடத்தை விட்டு நகர்ந்து நடுவில் போய் ஒன்றாகிவிட்டார்கள். பணம் கட்டியவர்கள் முப்பத்தெட்டுப் பேர் மட்டும் சுற்றிலும் நின்றார்கள். மணிக்கட்டு வலித்தது. கம்பளித் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் போன் எடுத்தாள். சாஃப்ட்வேர்ல கோளாறு. பாத்துக்கிட்டு இருக்கோம். தையற்காரி அழுதாள். முடிவெட்டுபவர், "நீ சொல்றதால சும்மா இருக்கேன் பென்கா," என்று வைத்துவிட்டார். கலோயன் சொன்னது சரிதான், ஒருவர்கூடச் சண்டைக்கு வரவில்லை. சண்டைக்கு வந்திருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது. ரங்கெல் மட்டும் போன் செய்யவே இல்லை. அவர் இருக்கும் பக்கம் போகாமல் சுற்றுவழியாகவே வீட்டுக்குப் போய் வந்தாள்.

ஒரு சனிக்கிழமை மதியம், சுற்றுவழியெல்லாம் பனி உருகிச் சேறாக இருந்ததால், வேறு வழியில்லாமல் 347இன் பின்பக்கமாக வந்தாள். ரங்கெல் பார்த்துவிட்டார்.

"பென்கா, நல்ல நேரத்துக்கு வந்த. குந்து, குந்து."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் குந்தினாள். ஜன்னலுக்குள் அவருடைய முகம் அவளுடைய செருப்பின் உயரத்தில் இருந்தது. முன்னைக்கு இளைத்திருந்தார். மேஜைக்கு மேலே வெட்டாத சாவிகள் வரிசையாகத் தொங்கின.

"ஆளே வர்றதில்ல. அன்னிக்கு ஒருத்தன் நாய் நிக்கிற புல்தரையில போனை வெச்சுக்கிட்டுச் சுத்திச் சுத்தி வந்தானாம், 12ஆம் பிளாக்குக்காரி சொன்னா. என்னைத்தான் தேடியிருப்பான்." இருமிவிட்டுச் சொன்னார். "உங்க ஆபீஸ்ல இருந்து ஒரு பொண்ணு ரெண்டு தடவை போன் பண்ணிச்சு. தனிக் குறியாம். கட்டினா வெளிய எடுத்து வெப்பாங்களாம். இப்போ மறுபடி பண்றேன்னு சொல்லியிருக்கு. மகள் அனுப்பினது கொஞ்சம் இருக்கு. பல்லுக் கட்டிக்கோன்னு அனுப்பினா. எனக்கு ஒண்ணும் புரியல. நீ உள்ள இருக்கிறவ. கட்டலாமா, வேணாமா, நீ சொல்லு."

கட்டவேண்டாம் என்று சொல்லலாம். சொன்னால் அவர் கட்ட மாட்டார், இந்த ஜன்னலுக்கு ஆளும் வராது. எல்லாவற்றையும் சொல்லலாம். சொன்னால் இன்று மாலைக்குள் அது எட்டுப் பிளாக்குக்குப் பரவும், திங்கட்கிழமை கலோயன் கூப்பிடுவார். பென்காவுக்கு அவமானமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது.

"கட்டிடுங்கண்ணே," என்றாள்.

"நீ சொன்னா சரி."

அதற்குள் போன் அடித்தது. இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த அவருடைய இரண்டு கையிலும் எண்ணெயும் பித்தளைப் பொடியும் அப்பியிருந்தன. "கொஞ்சம் பிடிம்மா," என்றார். அவள் போனை எடுத்து, ஒலிபெருக்கியைப் போட்டு, ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி அவர் வாயருகே பிடித்தாள்.

பெண் குரல் இனிமையாகப் பேசியது. பெயர் கேட்டது, பிளாக் எண் கேட்டது, சம்மதமா என்று மூன்று முறை கேட்டது. ரங்கெல் மூன்று முறையும் சம்மதம் என்றார்.

"கடைசியா ஒரு கேள்விங்கய்யா. யார் சிபாரிசுல எங்ககிட்ட சேர்றீங்க? பேரைச் சொன்னா அவங்க ஃபைல்ல நல்லபடியா குறிச்சு வெப்போம்."

ரங்கெல் நிமிர்ந்து பென்காவைப் பார்த்துச் சிரித்தார். முன்வரிசையில் இரண்டு பல் இல்லை.

"எழுதிக்கம்மா," என்று போனுக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து, தூரத்தில் இருப்பவருக்குக் கேட்கவேண்டும் என்பதுபோல் உரக்கச் சொன்னார். "பென்கா. எங்க தபால்காரம்மா."

அவள் போனை அவர் வாயருகே பிடித்துக்கொண்டே இருந்தாள்.