புகையானுக்கு விட்ட வயல்

எங்கள் நிலத்தில் அரை மா வயலைப் பூச்சி தின்பதற்கென்றே குத்தகைக்கு விட்டோம் என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். எடுத்தவள் முத்துப்பேட்டை ஹுமைரா. செடி, பூச்சி ஆராய்ச்சி செய்கிறவள். டாக்டர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, எதிர்வீட்டுக் காளியம்மாள் சினைப்பசுவையே ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "நான் மாட்டு டாக்டர் இல்லக்கா, பூச்சி டாக்டர்" என்று ஹுமைரா சொன்னதும், "பூச்சிக்கு என்னத்துக்கு வைத்தியம்? சாகட்டுமே!" என்று பசுவைத் திருப்பிக்கொண்டு போனாள்.

அவள் ஆராய்ச்சியை நான் புரிந்துகொண்டது இப்படி. செடிக்கும் அதைத் தின்னும் பூச்சிக்கும் லட்சக்கணக்கான வருஷமாகச் சண்டை. பூச்சிக்குப் பிடிக்காத செடி பிழைத்து விதை போடும். அந்தச் செடியையும் தின்னத் தெரிந்த பூச்சி பிறகு பிறக்கும். செடி மறுபடி மாறும். நாம் மருந்து அடித்து அடித்து வளர்க்கும் நெல்லுக்கு இந்தச் சண்டையே மறந்துவிட்டதாம். காயலோரம் கேட்பாரற்று முளைக்கும் காட்டு நெல்லுக்கு மறந்திருக்காது என்பது அவள் கணக்கு. அதை நம் ஊர் நெல்லோடு கலந்து, மூன்று வருஷம் பொறுக்கி எடுத்த விதையை நடுவில் சில வரிசை நட்டாள். சுற்றிலும் சாதா நெல். தண்டில் உட்கார்ந்து சாறு குடிக்கும் புகையான் தானாக வந்து ஏற வேண்டும். அப்போதுதான் எது தாங்கும் என்று தெரியும்.

"இந்தப் போகத்தோட எனக்குக் குடுத்த காலம் முடியுதுக்கா. பூச்சி வரலைன்னா மூணு வருஷமும் வீண்" என்றாள்.

இதையெல்லாம் என் வீட்டுக்காரர் நாகநாதனும் கேட்டார். நன்றாகத் தலையாட்டினார். ஆனால் மருந்து டேங்கில் மிச்சம் இருந்தால், அதைப் பக்கத்து வயலுக்கு அடித்துவிட்டு வருவது இந்தப் பக்கத்து ஆம்பிளைகள் ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உபகாரம். எங்கள் குறுவைக்கு அடித்த அன்று, மிச்சத்தை ஹுமைரா வயல் முழுக்க அடித்துவிட்டு வந்து நின்றார்.

"பாவம், அந்தப் பொண்ணு வயல்ல புகையான் ஏற ஆரம்பிச்சிருச்சு. நல்லவேளை, நான் பாத்தேன்."

அன்றைக்கு அவருக்குச் சோறு கிடைத்ததே பெரிது.

மறுநாள் ஹுமைரா வந்து பார்த்தாள். ஒரு பூச்சி இல்லை. வரப்பில் உட்கார்ந்து அழுதாள். இவர் துண்டைப் பிசைந்துகொண்டு, "நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சேன் தங்கச்சி" என்றார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன மருந்துண்ணே?" என்றாள். இவர் பாட்டிலை எடுத்து வந்து கொடுத்தார். படித்தாள். சட்டென்று வயலில் இறங்கி ஒவ்வொரு நெற்குத்தாக விலக்கிப் பார்த்தாள்.

"சிலந்தியெல்லாம் செத்துப்போச்சு. புகையானைப் புடிச்சுத் திங்கிறதே அதுங்கதான்" என்றாள். குரல் மாறியிருந்தது. "ஆனா புகையான் முட்டை தண்டுக்குள்ள இருக்குதுக்கா. அதை இந்த மருந்து ஒண்ணும் செய்யாது. பொரிச்சு வெளிய வந்தா, கேக்க ஆளே இல்ல!"

"அப்ப திரும்ப வருமா?"

"வந்தா முன்னைவிடக் கூட்டமா வரும். வரணும்."

புகையான் வர வேண்டும் என்று சாமி கும்பிட்ட விவசாயி பெண்டாட்டி இந்த ஜில்லாவிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வந்தது. அதற்குள் எங்கள் குறுவையை அறுத்துவிட்டோம். சுற்று வயல்கள் சம்பாவுக்கு உழுது கிடந்தன. பிந்தி நட்ட ஹுமைராவின் நெல் மட்டும் வட்டம் வட்டமாகத் தீய்ந்தது. வட்டங்கள் ஒன்றோடொன்று சேர்ந்தன. இவர் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

ஒரு காலையில் ஹுமைரா போன் செய்தாள். "அக்கா, ஒடனே வாங்க!"

போட்டது போட்டபடி ஓடினேன். வயல் முழுக்க வைக்கோல் நிறம். அவள் நட்ட வரிசைகளிலும் இரண்டு கருகிவிட்டன. மிச்ச மூன்று வரிசை, நேற்று உரம் போட்டதுபோலப் பச்சையாக நின்றன. ஹுமைரா சேற்றில் முழங்காலிட்டு அடித்தண்டை விலக்கிக் காட்டினாள். கருகிய குத்தில் பூச்சி அப்பிக்கிடந்தது. பச்சைக் குத்தில் ஏதோ ஒன்றிரண்டு, அதுவும் சுருங்கிப்போய்.

"குடிக்கப் பாத்திருக்குதுக்கா. முடியல! இந்த நெல்லுக்குச் சண்டை போடத் தெரியுதுக்கா!"

சேற்றுக் கையோடு என்னைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அவள் சந்தோஷம் தாங்காமல் நானும் அழுதேன். என் புடவையைப் பற்றி அப்போது யாருக்குக் கவலை?

என் பின்னாலேயே ஓடி வந்த இவர் தீய்ந்துபோன வயலைப் பார்த்தார். அழுகிற எங்கள் இருவரையும் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டார்.

"எல்லாம் என்னாலதான் தங்கச்சி" என்றார்.

"ஆமாண்ணே! ஆமாண்ணே!" என்று சொல்லிச் சொல்லி அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.