இரண்டு கோட் வெள்ளை

...பதினோரு மணி என்றால் பதினோரு மணிக்கே வந்துவிடுவாரா என்ன, வாடகை வாங்க மட்டும்தானே வீட்டுக்காரர் மணி பார்ப்பார், வரட்டும், வந்து என்னத்தைப் பார்க்கப்போகிறார், பார்க்க என்ன இருக்கிறது... பெயிண்டர் சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பளிச்சென்ற வெள்ளை. அதுதான் வினையே. முந்தாநாள் வரை அங்கே கட்டில் உயரத்துக்குக் கறுப்பாகப் பூஞ்சை, சுவருக்குள் ஓடும் குழாய் எங்கோ கசிகிறது, அதை ஒட்டித்தான் மகள் படுக்கிறாள், ஆறு வயது, மூன்று மாதமாக இருமல், இன்றும் பள்ளிக்கூடத்துக்கு லீவு, "முதல்ல அந்தச் சுவர சரி பண்ணுங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். சரி பண்ணுவதென்றால் சுவரை உடைத்துக் குழாயை மாற்ற வேண்டும். யார் செலவில்? "குடுக்கும்போது சுவர் நல்லாத்தான் இருந்துச்சு, நீங்க புழங்கினதுல வந்தது, நீங்கதான் பாத்துக்கணும்" என்று போனில் வீட்டுக்காரர். "இல்ல சார், பழைய ஓதம், நேர்ல வந்து பாருங்க" என்று இவன். கெஞ்சிக் கூத்தாடி இன்றைக்கு வரவழைத்தாயிற்று. "அவர் வர்ற வரைக்கும் சுவர்ல கை வெச்சிடாதீங்க" என்று மனைவி படித்துப் படித்துச் சொன்னாள். கேட்டானா? முந்தாநாள் வேலை முடிந்து வந்தபோது மகள் அந்தக் கறுப்பில் விரல் நகத்தால் ஒரு பூனை வரைந்துகொண்டிருந்தாள், "அப்பா, வாலு நல்லாருக்கா?" என்றாள்... அப்புறம் கை எங்கே சும்மா இருந்தது, தகட்டை எடுத்துச் சுரண்டினான், அடியில் பழைய பட்டிப் பூச்சு, அதற்கும் அடியில் பழைய கறுப்பு, குடிவருவதற்கு முன்பே இருந்த கறுப்பு! மறைத்துப் பட்டி பார்த்தவன் நல்ல கைக்காரன், பாவி, நாசமாய்ப் போக என்று வாய்விட்டுத் திட்டினான். திட்டிக்கொண்டே துடைத்து, தானும் பட்டி பார்த்து, இரண்டு கோட் அடித்து, தள்ளி நின்று அழகும் பார்த்தான். அப்புறம்தான் உறைத்தது. ஒரு போட்டோவாவது எடுத்தானா, மடையன்... "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டீங்க" என்றாள் மனைவி, இன்று அவளும் வேலைக்குப் போய்விட்டாள். ஈரத்தின் மேல் அடித்த பெயிண்ட், ஒரு மாதத்தில் மறுபடி கறுக்கும், அப்போது காட்டலாம், ஆனால் அதுவரைக்கும் மகள் நெஞ்சு தாங்குமா?

வீட்டுக்காரர் வந்தார், சுவரைத் தடவினார், "எங்கப்பா ஓதம்?" என்றார். உள்ளே இருக்கிறது, மேலே நான்தான் அடித்தேன் என்று மென்று முழுங்கினான். "நீயா அடிச்ச? தொழில்காரன் தொழில்காரன்தான்!" பக்கத்து அறையில் மகள் இருமினாள், நின்றுவிடும் என்று பார்த்தால் நிற்கவில்லை, இரண்டு பேரும் அது ஓயும்வரை சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். "சரி, உன் குழாய நான் மாத்தித் தர்றேன்," என்றார் வீட்டுக்காரர், குரலைத் தாழ்த்தி, "கீழ் வீட்டு ரூம்லயும் இதே கதைதான். ஒண்ணாம் தேதி புதுசா குடி வர்றாங்க, கைக்குழந்தைக்காரங்க, பாத்தா ஓடிப்போயிடுவாங்க. இதே மாதிரி நீ அடிச்சுக் குடுத்துடு." இதே கதை... அப்படியானால் இவருக்கு எல்லாம் தெரியும், மூன்று மாதமாகத் தெரிந்துகொண்டேதான் என்னைக் குற்றவாளியாக்கி... கேள், நாலு வார்த்தை நறுக்கென்று கேள், வாய் இல்லையா உனக்கு? நாக்கு நுனிவரை வந்துவிட்டது. "பட்டி வாங்கியாச்சா சார்?" என்று கேட்டது யாருடைய குரல்? வீட்டுக்காரர் அவன் தோளில் தட்டிவிட்டுப் படியிறங்கிப் போனார். உள்ளங்கையைச் சுவரில் வைத்தான், ஜில்லென்றிருந்தது, உள்ளே மறுபடி இருமல். இதற்கு முன்பு இங்கே பட்டி பார்த்தானே அந்த நல்ல கைக்காரன், நான் வாய் கூசாமல் திட்டினேனே... அன்றைக்கு அவன் வீட்டில் இருமிக்கொண்டிருந்தது யார்?