குதிரை தாண்டாத கட்டம்

1.
கண்ணுகளா, என் தங்கை வீட்டுக்காரர் என்னிடம் ஒரே ஒரு வரி கேட்டார். அதை எழுத முடியாமல்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘சதுரங்கப் பலகையில் தனியாக ஒரு குதிரை...’ வேண்டாம். குதிரைக்கென்ன தனிமை, எனக்குத்தான்.

2.
சின்ன வயதில் தங்கையைச் சுட்டி என்றுதான் கூப்பிடுவோம். அத்தனை சேட்டை. பிற்பாடு இணையத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வைக்கிற இணைப்புக்கும் சுட்டி என்றே பெயர் வந்தது. “பார்த்தியாக்கா, என் பேரைத் திருடிட்டாங்க!”

இணையத்தில் ஒரு சதுரங்கப் பலகை செய்தாள். கட்டத்துக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு வரி. சுட்டியை அமுக்க அமுக்க, குதிரை எல்லாக் கட்டத்தையும் ஒரே முறை மிதித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். (மாட்டிக்கொள்ளாமலிருக்க ஒரு யுக்தி உண்டு: வெளியேற வழி குறைந்த கட்டத்துக்கு முதலில் போ. மனிதர்களுக்கும்... விடுங்கள், கட்டுரையாகிவிடும்.)

3.
அவள் கண்ணை மூடிய பிறகுதான் அவள் வீட்டுக்காரர் அந்தப் பலகையைத் தேடினார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். “ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுவிட்டேன்க்கா. வீட்டுல இருந்ததைப் படிக்கலை.”

அந்த இலவசத் தளமோ எப்போதோ மூடிவிட்டது. பழைய பக்கங்களைச் சேமித்து வைக்கும் ஓரிடத்திலிருந்து ஒவ்வொன்றாக மீட்டார். ஒரு வெள்ளைக் கட்டத்தில், ‘இவர்கிட்ட ஒண்ணு சொல்லணும்.’ அதன் சுட்டியை அமுக்கினால், பக்கம் இல்லை. அதற்கும் அடுத்த வெள்ளையில், ‘சொல்லியாச்சு. இனி அவர் பாடு.’

நடுவில் இருந்த கறுப்பு மட்டும் காணோம்.

“விட்டுட்டுத் தாண்டிடலாமே, தம்பி?”

“ரெண்டு பக்கமும் வெள்ளைக்கா. குதிரை வெள்ளையிலருந்து வெள்ளைக்குப் போகாது. அவ சொல்லிக்குடுத்ததுல அது ஒண்ணுதான் ஞாபகம் இருக்கு. நீங்க கதை எழுதுறவங்கதானே, அவ மாதிரியே ஒரு வரி போட்டுக் குடுங்களேன்.”

4.
‘என் உயிருக்குயிரான...’ (சிரித்துவிடுவாள்.)

‘குடையை மறக்காதீங்க.’ (இது அவளேதான். ஆனால் இதற்கா இவ்வளவு பீடிகை?)

‘எனக்கு உங்க மேல...’

“பொய்க் கண்ணாடி மாட்டிவிட மனசு வரலை, தம்பி.”

“பவர் தப்பா இருந்தாலும் பரவாயில்லைக்கா. கொஞ்ச நாள் போட்டா கண்ணு பழகிடும்.”

அதற்குமேல் எனக்கு எழுத்து ஓடவில்லை.

5.
வெறும் கறுப்பாகவே ஒரு பக்கம் வைக்கச் சொன்னேன். அதில் ஒரு சுட்டி மட்டும். இப்போது குதிரை முழுதாகச் சுற்றி வருகிறது. “அந்தக் கட்டத்துல மட்டும் கொஞ்சம் நின்னுட்டுப் போறேன்க்கா” என்கிறார். நின்று என்ன படிக்கிறார் என்று நான் கேட்பதில்லை.

உங்களுக்கும் இடம் விட்டிருக்கிறேன்:

(                              )

நிரப்பினால் என்னிடம் காட்டாதீர்கள், கண்ணுகளா. அவள் பேச்சு எனக்குத் தெரியும். இது அவள் இல்லை என்று சொல்லிவிடுவேன்.